தை மாசியில் கொல்லைக் காய்கறித் தோட்டம்: கிணற்றை அளந்து பாத்தி வகுத்தல்

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தபின் குடியானவர்களுக்குக் கை சற்று ஒழிவது தை மாதத்தின் பிற்பகுதியில்தான். வடகிழக்குப் பருவமழை நின்று அதிக நாள் ஆகாமையால் கிணறுகளில் தண்ணீர் மேலாக நிற்கும். மண்ணில் ஈரம் இருக்கும்; வெயிலும் கடுமையாக இராது. கொல்லைப்புறத்தைக் கொத்திக் காய்கறி போடலாம் என்ற எண்ணம் பலருக்கும் உண்டாவது இப்பொழுதே. அவ்வாறு உற்சாகத்துடன் போட்ட தோட்டங்களில் பெரும்பாலானவை பங்குனிக் கடைசியில் கருகிப்போவதும் ஆண்டுதோறும் நாம் காண்பதே. காய்கறிக்கு முடை ஏற்பட்டுச் சந்தையில் விலை ஏறுவது சித்திரை, வைகாசி மாதங்களில். அக்காலத்தில் ஒரு காயும் கொடாத தோட்டத்தால் குடும்பத்திற்கு ஆகும் பிரயோஜனம் சொற்பமே.

தோட்டம் கருகியதற்கு விதை விற்றவரையும், எருவையும், பூச்சியையும் குறை கூறுவது வழக்கம். இவை காரணமாக இருப்பதும் உண்டு. ஆயினும், நான் பார்த்த வரையில், பெரும்பாலான கொல்லைத் தோட்டங்கள் அழிவது வேறொரு பிழையினால். தையில் கிணற்றில் நிற்கும் தண்ணீரைப் பார்த்துத் தோட்டத்தின் விஸ்தீரணத்தை நிர்ணயம் செய்கிறார்கள். சித்திரையில் நிற்கப்போகும் தண்ணீரைக் கொண்டே அதை நிர்ணயம் செய்யவேண்டும். இக்கட்டுரையில் கூறப்போகும் மற்றவையெல்லாம் இதற்கு அடுத்தபடியானவையே.

இதை நான் பாடசாலையில் கற்றுக்கொள்ளவில்லை. உத்தியோகத்தில் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், காவேரிப் பாய்ச்சல் எட்டாத மேட்டுப்பகுதிக் கிராமம் ஒன்றில், ஒரு மிராசுதாரர் வீட்டுக் கொல்லையில் மாதிரித் தோட்டம் ஒன்று அமைத்துக் காட்டினேன். ஆறு சென்ட் நிலம். வெண்டை, கத்தரி, புடல், தக்காளி, கீரை என்று ஒன்றையும் விடவில்லை. வரப்புகள் நூல் பிடித்தாற்போல் இருந்தன. மாசி மகத்தை ஒட்டி மேலதிகாரிகள் வந்து பார்த்துத் திருப்தி தெரிவித்தார்கள். பங்குனி இருபதாம் தேதிக்குள் கிணற்றுத் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கிவிட்டது. குடிப்பதற்கும் சமையலுக்கும் மாடு கன்றுகளுக்கும் போகத் தோட்டத்திற்கு மிஞ்சியது நாளொன்றுக்குப் பத்துக் குடந்தான். செடிகள் பிஞ்சோடு வாடி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றபோது, அவ்வீட்டு மூத்த அம்மையார், "தம்பி, தை மாதத்துக் கிணற்றைப் பார்த்துப் பாத்தி கட்டிவிட்டீர்கள். சித்திரை மாதத்துக் கிணற்றில் இறைத்துப் பழகியவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவர் பாத்திரம் துலக்கிய நீரை விட்டுக் காப்பாற்றிய எட்டுக் கத்தரிச் செடிகளும் ஒரு சுரைக்கொடியும் மாத்திரமே வைகாசி வரையில் காய்த்தன. அந்த ஆறு சென்ட்டில் வேறொன்றும் மிஞ்சவில்லை.

கிணற்றை அளக்கும் விதம்

கயிற்றின் நுனியில் ஒரு கல்லைக் கட்டிக் கிணற்றில் விட்டு, நனைந்த பாகத்தை அளந்தால் நிற்கும் தண்ணீரின் ஆழம் தெரியும். பத்தடி குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் ஓரடி ஆழத்திற்கு நிற்கும் தண்ணீர் ஏறத்தாழ 2,200 லிட்டர். எட்டடிக் கிணறாயின் 1,400 லிட்டர். நிற்கும் தண்ணீரைவிட ஊறும் தண்ணீரே முக்கியம். மாலையில் இறைத்து முடிந்தபின் மட்டத்தைக் குறித்துக்கொண்டு, விடியற்காலையில் யாரும் குடம் விடுவதற்கு முன் மறுபடி அளந்தால் இரவில் எவ்வளவு ஊறிற்று என்பது விளங்கும்.

இது தை மாதத்துக் கணக்கு. சித்திரையில் எவ்வளவு ஊறும் என்பதை அறிய அதிகம் பிரயாசைப்பட வேண்டுவதில்லை. அக்கிணற்றில் வருஷக்கணக்காகத் தண்ணீர் சேந்தும் பெண்மக்களைக் கேட்டால், எந்தப் படி வரையில் தண்ணீர் இறங்கும், எத்தனை குடம் சேந்தியபின் கலங்கல் வரும் என்று திட்டமாகச் சொல்லுவார்கள். கிணற்றுச் சுவரில் படிந்துள்ள உப்புக்கறையும் சாட்சி கூறும். இவ்விரண்டும் கிட்டாத புதுக்கிணறாயின், தையில் ஊறுவதில் கால் பங்கே சித்திரையில் ஊறும் என்று கொள்வது எனது வழக்கம். மழை நன்கு பெய்த ஆண்டில் இக்கணக்கு சற்றுக் கஞ்சத்தனமாகத் தோன்றலாம். தண்ணீர் மிஞ்சினால் ஒருவருக்கும் நஷ்டமில்லை.

மின்சார மோட்டார் வைத்திருப்போர் தமக்கு இக்கணக்கு வேண்டியதில்லை என்று கருதுகிறார்கள். மோட்டார் தண்ணீரை விரைவில் மேலே கொண்டுவருமேயன்றிப் புதிதாக உண்டாக்குவதில்லை. ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள், காற்று கலந்து தெறிக்காமல் எத்தனை நிமிஷம் தண்ணீர் வருகிறது, நின்றபின் எத்தனை மணி நேரத்தில் மறுபடி அவ்வாறு வருகிறது என்பவற்றைக் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இனிச் செலவு. நம் மேட்டுப்பகுதிகளில் மாசி மாதத்தில், காய்கறி அடர்ந்த பாத்தியிலிருந்து நிலத்தின் வழியாகவும் இலைகளின் வழியாகவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் உயரத் தண்ணீர் ஆவியாகப் போகிறது. ஒரு சென்ட் என்பது சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே சென்ட் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் பிடிக்கும் குடத்தால் 13 அல்லது 14 குடம். சித்திரையில் இது 250 லிட்டர், அதாவது 17 குடம் ஆகும். மேல்காற்று வீசும் இடங்களில் அதற்கும் மேலே போகும்.

ஓர் உதாரணம் காட்டுகிறேன். பத்தடிக் கிணறு ஒன்றில் தையில் இரவுக்கு ஓரடி ஊறுகிறது, 2,200 லிட்டர். இதைப் பார்ப்பவர் பத்துச் சென்ட் தோட்டம் போடலாம் என்றே நினைப்பார். சித்திரையில் கால் பங்கு எனின் 550 லிட்டர். வீட்டுச் செலவுக்கும் இரண்டு மாடுகளுக்கும் 250 லிட்டர் போக மீதி 300 லிட்டர். இது ஒன்றேகால் சென்ட்டுக்குச் சரியாக இருக்கும். பத்துச் சென்ட் எங்கே, ஒன்றேகால் சென்ட் எங்கே! ஐந்து பேர் குளிப்பதற்கும் பாத்திரம் துலக்குவதற்கும் ஆகும் தண்ணீர் நூறு லிட்டருக்குக் குறையாது. அதைச் சிந்தாமல் வாய்க்காலில் திருப்பினால் இன்னும் கால் அல்லது அரை சென்ட்டுக்கு ஆகும்.

நிலைப்பாத்தியும் விடுபாத்தியும்

அவ்வாறாயின் தையில் மிகுதியாக உள்ள தண்ணீரை வீணாக்குவதா என்று கேட்கலாம். வீணாக்க வேண்டுவதில்லை. தோட்டத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளவேண்டும். சித்திரைத் தண்ணீருக்கு அடங்கிய பரப்பை நிலைப்பாத்தி என்போம். மேற்கூறிய உதாரணத்தில் அது ஒன்றேகால் சென்ட். அதற்கு வெளியே இரண்டு மூன்று சென்ட்டில், பங்குனி நடுவுக்குள் பலன் கொடுத்து முடிந்துபோகும் பயிர்களை இடலாம். இது விடுபாத்தி. பங்குனி பதினைந்து தேதி ஆனவுடன் விடுபாத்திக்குத் தண்ணீரை நிறுத்திவிடவேண்டும். இரண்டு பூ மிஞ்சியிருக்கிறதே என்று மனம் இளகுவோர் இரண்டு பாத்திகளையும் இழப்பதைக் கண்டிருக்கிறேன்.

விடுபாத்திக்கு ஏற்றவற்றில் முதலாவது கீரை. முளைக்கீரையும் சிறுகீரையும் விதைத்த 25 நாட்களில் பிடுங்கத் தயாராகும். வெந்தயக்கீரையும் ஏறக்குறைய அப்படியே. முள்ளங்கி 45 நாட்கள். கீரை விதை முழுவதையும் ஒரே நாளில் தெளித்துவிட்டு, ஒரே வாரத்தில் தின்ன மாட்டாமல் அண்டை வீடுகளுக்குக் கொடுத்துத் தீர்ப்பது பொதுவாகக் காணும் தவறு. பாத்தியை நான்காகப் பிரித்து, பத்து நாட்களுக்கு ஒரு பகுதியாக விதைத்தால் மாசி நடு தொடங்கிப் பங்குனி நடு வரையில் ஒரு சீராகக் கீரை கிடைக்கும். கீரை விதை மிகவும் நுண்ணியதாகையால் மணல் கலந்து தூவவேண்டும். சென்ட் ஒன்றுக்கு 10 கிராம் போதும். விதைத்த இடத்தைச் சுற்றி எறும்பின் நடமாட்டத்தைக் கவனிக்கவும். விதை முளைக்கவில்லை என்று வரும் புகார்களில் பல, எறும்பு கொண்டுபோன விதையைப் பற்றியவை.

வெண்டை இரண்டுக்கும் நடுவில் நிற்பது. தை முடிவதற்குள் விதைத்தால் 45 நாட்களில் காய் பறிக்கத் தொடங்கிச் சித்திரை வரையில் பறிக்கலாம். மாசிக் கடைசியில் விதைத்த வெண்டைக்கு வெயிலில் வெள்ளை ஈ பெருகி, இலை நரம்பெல்லாம் மஞ்சளாகும் தேமல் நோய் சுலபமாக வந்துவிடும். ஆகவே வெண்டையை முந்தி விதைப்பது தண்ணீருக்கும் நல்லது, செடிக்கும் நல்லது. ஒன்றரையடிக்கு ஓரடி இடைவெளியில் கால் சென்ட்டில் 70 செடிகள் நிற்கும். பறிக்கும் காலத்தில் நாளொன்றுக்குக் கால் கிலோ வீதம் காய் எதிர்பார்க்கலாம்.

நிலைப்பாத்தியில் இடம்பெறத் தக்கவை வேர் ஆழமாகப் போகும் செடிகளும், குறைந்த தண்ணீரில் தாக்குப்பிடிப்பவையுமாம். கொத்தவரை இதில் தலைசிறந்தது. நம்மவர்களில் சிலர் இதை ஏழைகளின் காய் என்று ஒதுக்குகிறார்கள். பங்குனி வெயிலில் பிற செடிகள் தலை சாய்ந்து நிற்கும்போது கொத்தவரை நிமிர்ந்து நின்று காய்ப்பதைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறிவிடும். அடுத்தது கத்தரி. மார்கழியில் நாற்று விட்டிருந்தால் தைக் கடைசிக்குள் இரண்டடிக்கு இரண்டடி நட்டுவிடலாம். நாற்று இல்லாதவர்கள் இப்பொழுது விதை தெளித்து, பங்குனியில் நடுவதற்குப் பிரயத்தனப்பட வேண்டாம். புரட்டாசியில் நட்ட பழைய கத்தரி இருக்குமாயின், அதன் கிளைகளைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வெட்டிவிட்டு, சுற்றிலும் கொத்தி எரு இட்டால் ஒரு மாதத்திற்குள் புதுக்கிளை விட்டுப் பூக்கும். அதன் வேர் முன்னமே ஆழத்தில் இருப்பதால் புதிய நாற்றைக்காட்டிலும் வெயிலைத் தாங்கும். கரும்பில் மறுதாம்பு விடும் நம் மக்கள் கத்தரியில் இதைச் செய்யாதது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

தக்காளியைப்பற்றி ஒரு வார்த்தை. இரவில் வெப்பம் மிகுந்துவிட்டால் தக்காளிப் பூ பிஞ்சாகாமல் உதிரும். பங்குனிக்குள் பிஞ்சு பிடித்துவிடும்படி இப்பொழுதே நட்டால் உண்டு. பிந்தினால் செடி மாத்திரம் பசுமையாக நிற்கும். பழைய கொடியவரையை இப்பொழுது ஊன்றவே கூடாது. அது பகற்பொழுது குறுகிய கார்த்திகை, மார்கழி மாதங்களில் பூக்கும் இயல்புடையது. தையில் ஊன்றினால் பகல் நீள நீளக் கொடி பந்தலை மூடுமேயன்றிக் காய் விடாது. அவ்வளவு இலைக்கும் தண்ணீர் நாமன்றோ இறைக்கவேண்டும்!

சுரை, பூசணி, பாகல், பீர்க்கன் ஆகிய கொடிகளுக்குப் பானைப் பாசனம் மிகவும் ஏற்றது. எட்டுப் பத்து லிட்டர் பிடிக்கும், மெருகோ வர்ணமோ பூசாத மண்பானை ஒன்றை, எரு கலந்த குழியில் கழுத்தளவு புதைத்து, அதைச் சுற்றி நான்கு விதைகளை ஊன்றித் தேறிய இரண்டை வைத்துக்கொள்ளலாம். பானையில் ஊற்றிய தண்ணீர் அதன் உடம்பின் வழியாகக் கசிந்து வேருக்கு மாத்திரம் போகும். மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை நிரப்பினால் போதும். வாயை ஓட்டால் மூடிவைக்கத் தவறக்கூடாது. திறந்த பானையில் கொசு முட்டையிடும்.

முருங்கை, அகத்தி, கருவேப்பிலை மூன்றும் நிலைப்பாத்தியின் ஓரத்தில் இருக்கவேண்டியவை. முருங்கைக்கு அதிக சிசுருஷை வேண்டுவதில்லை என்பது யாவரும் அறிந்ததே. கொம்பு நட்டு மரமாகும் வரையில் பொறுக்கமாட்டாதவர்கள், பெரியகுளத்தில் தோற்றுவிக்கப்பட்ட பி.கே.எம். 1 என்னும் செடிமுருங்கையை விதையிலிருந்து வளர்த்தால் ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். குன்னூரில் ஸர் ராபர்ட் மக்காரிஸன் 1918-ஆம் ஆண்டில் தொடங்கிய உணவு ஆராய்ச்சி 1958-ல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக நடந்துவருகிறது. வயது வந்த ஒருவர் நாளொன்றுக்குக் கீரையும் காய்கறியுமாக 300 கிராமுக்குக் குறையாமல் உண்ணவேண்டும் என்பது அங்குள்ள நிபுணர்களின் கருத்து. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை முதலிய கரும்பச்சைக் கீரைகளிலுள்ள சத்து, குழந்தைகளை மாலைக்கண் நோயினின்று காப்பது. ஐந்து பேருள்ள வீட்டிற்கு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ ஆகிறது. ஒன்றேகால் சென்ட் நிலைப்பாத்தி இது முழுவதையும் கொடாது. ஓரத்து மரங்களின் கீரையும் சேர்ந்தால், சந்தையை நம்பியிருக்கும் அளவு சரிபாதியாகக் குறையும் என்பது என் மதிப்பு.

இடமும் நிழலும்

கிணற்றுக்கும் குளியலறைக்கும் தாழ்வாக, தண்ணீர் தானே ஓடிவரும் இடமே சிறந்தது. தை மாதத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து செல்வதால் பந்தலையும் உயரமான செடிகளையும் வடவோரத்தில் வைத்தால் மற்றவற்றின்மேல் நிழல் விழாது. சித்திரைத் தொடக்கத்தில் நம் பகுதிகளில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது. அப்பொழுது செடிகளை வருத்துவது பிற்பகல் வெயில். ஆகையால் இப்பொழுதே மேற்கு ஓரத்தில் ஒரு வரிசை அகத்தி விதையை நெருக்கமாக ஊன்றிவிட்டால், சித்திரைக்குள் ஆள் உயரம் வளர்ந்து மாலை வெயிலைத் தடுக்கும். கீரையும் கிடைக்கும், ஆட்டுக்குத் தழையும் ஆகும்.

வேலியைப்பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. கோழிக்கும் ஆட்டுக்கும் திறந்துகிடக்கும் தோட்டத்திற்கு மற்ற யோசனைகள் ஒன்றும் உதவா.

எரு, பாத்தி, மூடாக்கு

சென்ட் ஒன்றுக்கு 100 கிலோ மக்கிய தொழுவெரு, அதாவது நான்கைந்து கூடை, போதுமானது. பச்சைச் சாணத்தைப் போட்டால் கறையான் சேரும். களை விதையும் கூடவே வரும். அதனுடன் ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்குத் தூளைக் கலந்து கொத்தி விடலாம். செடி பூக்கும் சமயம் ஒருமுறை மேலெரு இட்டு மண் அணைத்தால் வீட்டுத் தோட்டத்திற்கு வேறு உரம் அநேகமாகத் தேவைப்படாது.

மழைக்காலத்தில் மேட்டுப்பாத்தி அமைக்கிறோம். வெயிற்காலத்திற்கு அதைத் திருப்பிவிடவேண்டும். நடைபாதை மேலாகவும், பாத்தி அதற்கு நான்கு அங்குலம் தாழ்வாகவும் இருக்குமாறு மண்ணை இழுத்துக் கரை கட்டினால், ஊற்றிய தண்ணீர் பாத்திக்குள்ளேயே தங்கும். இரண்டு பக்கங்களிலிருந்தும் கை எட்டும்படி நாலடி அகலம் போதும்.

தண்ணீர் பாய்ச்சுவதில் நம் வீடுகளில் காணும் பெரிய தவறு, நாள்தோறும் மாலையில் சிறிது சிறிதாகத் தெளிப்பது. மேல்மண் அரை அங்குலம் நனைந்து, மறுநாள் பத்து மணிக்குள் காய்ந்துவிடுகிறது. வேர் தண்ணீரைத் தேடி மேலேயே நிற்கிறது. ஒருநாள் தெளிக்கத் தவறினால் செடி சாய்ந்துவிடும். மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு ஒருமுறை, அத்தனை நாள் தண்ணீரையும் சேர்த்து ஒரே தடவையில் பாய்ச்சினால் ஈரம் அடிவரை இறங்கும், வேரும் பின்தொடரும். ஆறு பாத்திகள் இருந்தால் நாளைக்கு இரண்டு பாத்தி என்று முறை வைத்துக்கொள்வது இறைப்பவருக்கும் சுலபம். மணற்பாங்கான நிலத்தில் ஈரம் நில்லாதாகையால் இடைவெளியை இரண்டு நாளாகக் குறைக்கலாம். கரிசலில் ஐந்து நாள் வரையிலும் தாங்கும். வேருக்கருகில் ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை உடையாமல் இருந்தால் அன்றைக்குத் தண்ணீர் வேண்டாம்.

முதற் களை எடுத்து, தண்ணீர் பாய்ச்சிய மறுநாள் மூடாக்கு இடவேண்டும். கரும்புத் தோகை, மழையில் நனைந்து மாட்டுக்கு ஆகாத வைக்கோல், உதிர்ந்த வேப்பிலை, புங்கந்தழை எதுவாயினும் மூன்று அங்குலக் கனம் பரப்பலாம். தண்டைத் தொடாமல் நாலு விரல் இடம் விடுக. மாட்டுத் தீவனத்தைக் கொண்டு மூடாக்கு இடும்படி நான் கூறவில்லை; தோட்டத்தைக்காட்டிலும் கறவை மாட்டுக்கே முதல் உரிமை. மூடாக்கின் அடியில் கறையான் கூடு கட்டுகிறதா என்று வாரம் ஒருமுறை தூக்கிப் பார்க்கவேண்டும்.

கழிவுநீர் விஷயத்தில் சற்று ஜாக்கிரதை வேண்டும். பாத்திரம் துலக்கிய நீரும் குளித்த நீரும் கத்தரி, கொடிகள், முருங்கை ஆகியவற்றிற்கு நல்லவையே. சலவைத்தூள் மிகுதியாகக் கலந்த துணி துவைத்த நீரைக் காய்கறிப் பாத்தியில் விடாமல் வாழைக்கோ தென்னைக்கோ திருப்புக. பச்சையாகத் தின்னும் முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லிப் பாத்திகளுக்கு எந்தக் கழிவுநீரும் ஆகாது. கோடையில் மட்டம் இறங்க இறங்கத் தண்ணீரில் உப்பு ஏறும் கிணறுகளும் உண்டு. பாத்தியின்மேல் வெள்ளை பூத்தால் அதன் அறிகுறி. அங்கே ஒவ்வொரு முறையும் அரைகுறையாக நனைக்காமல், மாதம் ஒருமுறையாவது உப்பு அடிமண்ணுக்கு இறங்கும்படி நிறையப் பாய்ச்சவேண்டும்.

பூச்சியும் நோயும்

மாசிப் பனியில் பகல் வெயிலும் இரவுக் குளிருமாக இருக்கும்பொழுது கொடிகளிலும் வெண்டையிலும் இலைமேல் மாவு தூவினாற்போல் சாம்பல் நோய் தோன்றும். நோய் கண்ட அடியிலைகளைக் கிள்ளி எரித்து, காற்றோட்டம் உண்டாக்கினால் பெரும்பாலும் அடங்கும். கொத்தவரையிலும் வெண்டையிலும் குருத்துகளில் அசுவினி மொய்க்கும். தொடக்கத்திலேயே தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவிவிடலாம். மிஞ்சினால் வேப்பங்கொட்டைச் சாறு: பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுதும் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, சிறிது சோப்புக் கரைத்து மாலை நேரத்தில் இலையின் அடிப்புறம் நனையும்படி தெளிக்கவேண்டும். இச்சாறு வைத்திருந்தால் வீரியம் குறையும், அன்றன்றைக்குத் தயாரித்துக்கொள்க.

கத்தரியில் குருத்து ஒன்று மாத்திரம் தலை தொங்கினால் உள்ளே புழு இருக்கிறதென்று அறியலாம். ஒரு விரற்கடை கீழே கிள்ளி, புழுவோடு நசுக்கிவிடவேண்டும். வீட்டுப் பிள்ளைகளுக்கு இவ்வேலையைப் பழக்கிவிட்டால் மருந்துக்குச் செலவிட வேண்டுவதில்லை. பாகல், பீர்க்கன், புடல் பிஞ்சுகளில் பழ ஈ குத்தி முட்டையிடும். அழுகி விழுந்த பிஞ்சுகளைக் குப்பையில் எறியாமல், இரண்டடி ஆழத்தில் புதைத்தாலன்றி ஈ மறுபடி பெருகும். மஞ்சள் தேமல் கண்ட வெண்டைச் செடிக்கு மருந்து கிடையாது. கண்ட அன்றே பிடுங்கிவிடுக.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தில் மிஞ்சியதைக் கொல்லைத் தோட்டத்தில் தெளிக்கும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. காலையில் தெளித்து மாலையில் பறித்துச் சமைக்கும் இடத்தில் இது மிகவும் அபாயகரமானது. சுரைக்கும் பூசணிக்கும் மகரந்தம் கொண்டுவரும் தேனீக்களும் இதனால் மடியும்.

கிராம அதிகாரிகளுக்கு

கோடையில் ஏரி குளங்கள் வற்றியபின் வண்டல் எடுக்க விண்ணப்பிக்கும் குடியானவர்களுக்கு அனுமதி முறைகளை முன்கூட்டியே விளக்கிச் சொன்னால், மணற்பாங்கான கொல்லைகளுக்கு அவ்வண்டல் ஈரம் பிடித்துவைக்கும் உதவியாகும். பள்ளிக்கூடத் தோட்டம் அமைக்கும் இடங்களில், கோடை விடுமுறையில் தண்ணீர் ஊற்றுபவர் யார் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு பாத்தி கட்டச் சொல்லுங்கள். விடுமுறைக்கு முன் முடியும் கீரைகளும், தண்ணீர் இன்றியும் நிற்கும் முருங்கையும் அல்லாமல் வேறொன்றும் அங்கே பயனளித்து நான் பார்த்ததில்லை.

மற்றொன்று. கிராமத்தில் பொதுக்கிணறு ஒன்றையும், வெவ்வேறு திசைகளில் மூன்று நான்கு வீட்டுக் கிணறுகளையும் தேர்ந்து, தை முதல் தேதியிலும் சித்திரை முதல் தேதியிலும் தண்ணீர் மட்டத்தை அளந்து ஒரு நோட்டில் குறித்துவைத்தால், இரண்டு மூன்று ஆண்டுகளில் அக்கிராமத்திற்கே உரிய விகிதம் கிடைத்துவிடும். பிறகு நான் கூறிய கால் பங்குக் கணக்கைத் தள்ளிவிடலாம். மேற்சொன்ன மிராசுதாரர் வீட்டில் நோட்டு வைக்கவில்லை. கிணற்றின் உட்சுவரில் ஓரிடத்தில் சாந்து பூசி, ஒவ்வொரு சித்திரை முதல் தேதியிலும் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் வருஷத்தை எழுதிவருகிறார்கள். அந்த அம்மையார் ஒவ்வொரு தை மாதமும் கோடுகளைப் பார்த்த பிறகே மண்வெட்டியை எடுக்கச் சொல்லுகிறார்.